ஜார்ஜின் சிலையைத் திரும்ப வரவழையுங்கள்: மிசிசிப்பி சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மிசிசிப்பி மாநில சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில், மாநிலத்துக்கு இரண்டு என்ற கணக்கில், நம் மாநிலத்தின் பெயரில் இரண்டு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. அவற்றை மாற்றக் கோரும் மசோதாக்கள் திரும்பத் திரும்ப உங்கள் முன் வருகின்றன. திரும்பத் திரும்பக் குழுவிலேயே செத்துப்போகின்றன. அவையில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. கெடு தேதி வருகிறது, மசோதா காலாவதியாகிறது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். வேண்டாம் என்று கைதூக்கிச் சொல்லியிருந்தால்கூட உங்கள் நிலை என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மௌனத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதே கடிதத்தை ஆங்கிலத்தில் என் தொகுதி உறுப்பினர்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடக் காரணம் இருக்கிறது. இந்த மாநிலத்தின் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை பார்த்து, குடியுரிமை வாங்கி, தவறாமல் ஓட்டுப் போடும் தமிழர்கள் பலருக்கு, அந்தச் சிலைகளில் ஒன்றில் நிற்கும் ஜேம்ஸ் ஸகரையா ஜார்ஜ் யார் என்றே தெரியாது. ஓட்டுரிமைப் படிவத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்ட வரிகள் அவருடைய கைவண்ணம் என்பதும் தெரியாது.

அந்த இரண்டு சிலைகளில் ஒன்று ஜெபர்சன் டேவிஸுடையது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர். அவர் பெயரைச் சொன்னாலே சண்டை கிளம்பும், செய்தித்தாளில் தலையங்கம் வரும். அந்தச் சத்தத்தின் மறைவில் ஜார்ஜ் நிம்மதியாக நிற்கிறார். வாஷிங்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு, யாரோ பழைய செனட்டர் என்று நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படி நகர்ந்தவன்தான். ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும்தான் முதலில் எடுக்க முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், ஜார்ஜைத்தான் கைகாட்டுவேன். டேவிஸ் தோற்றுப்போனவர், அவர் தலைமை தாங்கிய நாடு 4 வருடம்தான் தாங்கியது. ஜார்ஜ் எழுதிக் கொடுத்தது 135 வருடங்களாக நம்மை ஆண்டுகொண்டிருக்கிறது.

அவர் சாதாரண ஆள் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1826-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, அம்மாவோடு மிசிசிப்பிக்கு வந்து கேரல் கவுண்டியில் வளர்ந்தார். 20 வயதை நெருங்கும்போது மெக்சிகோ போருக்குச் சாதாரணச் சிப்பாயாகப் போனார். அவர் இருந்த படைப்பிரிவுக்குக் கர்னல், இதே ஜெபர்சன் டேவிஸ். திரும்பி வந்து சொந்த முயற்சியில் சட்டம் படித்து, கேரல்டன் ஊரில் வக்கீலானார். மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பு 1854-இல் கிடைத்தது. வக்கீல்கள் வருடக்கணக்கில் மேஜையில் வைத்துப் புரட்டிய தீர்ப்புத் திரட்டும் அவர் போட்டதுதான். உழைப்பாளி, கூர்மையான மூளை, பகட்டில்லாத ஆள். ஊரில் அவரைச் சாமானியர்களின் தலைவர் என்றே கொண்டாடினார்கள். அந்தச் சாமானியர்களின் கணக்கில் அவருடைய சொந்த அடிமைகள் வரவில்லை, அவ்வளவுதான்.

1861 ஜனவரி 9 அன்று மிசிசிப்பி ஐக்கிய நாட்டிலிருந்து பிரிவதாக அறிவித்த தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். கையெழுத்தோடு நிற்காமல் போருக்கும் போனார். 1862 பிப்ரவரியில் டென்னசியின் டொனல்சன் கோட்டை விழுந்தபோது கேப்டனாகப் பிடிபட்டார். விடுதலையாகி வந்து குதிரைப்படைக்குக் கர்னலானார், 1863 நவம்பரில் கோலியர்வில் சண்டையில் மறுபடி பிடிபட்டார். போர் முடியும் வரை ஈரி ஏரியில் இருக்கும் ஜான்சன் தீவுச் சிறையில் கிடந்தார். அங்கே சக கைதிகளுக்குச் சட்டப் பாடம் எடுத்தாராம். இரண்டு தடவை களத்துக்குப் போய் இரண்டு தடவையும் கைதியான ஒருவருக்கு, வீரத்துக்காகச் சிலை வைத்திருக்க மாட்டார்கள். 1931-இல் அனுப்பிய சிலைக்கு உங்கள் முன்னோர்கள் அவரை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அதற்கப்புறம் நடந்தவற்றில்தான் தேட வேண்டும்.

போருக்குப் பிறகு கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்பதால் மாநில அரசியலே தலைகீழானது. 1875-இல், அப்போது வெள்ளைக்காரர்களின் கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சியின் மாநில நிர்வாகக் குழுத் தலைவராக ஜார்ஜ் பொறுப்பேற்றார். எப்படியாவது ஆட்சியைப் பிடிப்பது என்று அந்த வருடம் போட்ட வழிக்கு வரலாற்றில் மிசிசிப்பித் திட்டம் என்றே பெயர். துப்பாக்கியோடு ஊர்வலம், கூட்டங்களைக் கலைப்பது, ஓட்டுப் போட வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்ற மிரட்டல். செப்டம்பர் 4 அன்று கிளின்டனில், கறுப்பினத்தவர் ஆதரித்த குடியரசுக் கட்சி நடத்திய விருந்துக் கூட்டத்தில் தொடங்கிய சண்டை, அடுத்த சில நாட்களுக்குக் கறுப்பினத்தவரை வீடு வீடாகத் தேடிக் கொல்வதில் முடிந்தது. இறந்தவர்கள் 30-லிருந்து 50 பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ் மத்தியப் படை கேட்டுக் கெஞ்சினார். தெற்கில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நடக்கும் இந்தக் கலவரங்களைக் கேட்டு மக்கள் அலுத்துவிட்டார்கள் என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்தது.

இதில் ஜார்ஜின் பங்கு நுட்பமானது. அவர் துப்பாக்கி தூக்கவில்லை. தன் ஆட்களுக்கு அவர் அடித்த தந்திகளில் அடக்கி வாசிக்கும்படிதான் சொன்னார், ஏனென்றால் சத்தம் அதிகமானால் மத்தியப் படை வந்துவிடும். அக்டோபரில் ஆளுநரோடு உட்கார்ந்து சமாதான ஒப்பந்தமும் செய்துகொண்டார்: நீங்கள் உங்கள் காவல் படையைக் கலையுங்கள், தேர்தல் அமைதியாக நடக்கும். ஆளுநர் படையைக் கலைத்தார். தேர்தல் நடந்தது. கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த யாஸூ கவுண்டியில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த ஓட்டு மொத்தம் 7.

ஏழாயிரம் இல்லை. ஏழு.

அப்புறம் அவருக்கு எல்லாம் சுலபமாக வந்தது. 1879-இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தலைமை நீதிபதியானார். 1881 மார்ச்சில் அமெரிக்க செனட்டராகப் பதவியேற்றார். யாருடைய நாற்காலி தெரியுமா? பிளான்ச் புரூஸ் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போய், முழுப் பதவிக்காலத்தையும் முடித்தவர் புரூஸ். 1879-இல் செனட்டுக்குத் தலைமை தாங்கி அமர்ந்த முதல் கறுப்பின உறுப்பினரும் அவர்தான். அவருக்கு முன் 1870-இல் ஹைரம் ரெவல்ஸ் இருந்தார், செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர், அவரும் நம் மாநிலத்தவர். புரூஸ் இறங்கியதற்குப் பிறகு செனட்டில் இன்னொரு கறுப்பினத்தவர் உட்கார 1967 வரை ஆனது, அவரும் மாசசூசெட்ஸிலிருந்து வந்தவர். மிசிசிப்பியிலிருந்து இன்றுவரை யாரும் போகவில்லை. நாட்டிலேயே கறுப்பின மக்களின் விகிதம் மிக அதிகமாக, ஏறத்தாழ 38 சதவீதமாக, இருக்கும் மாநிலம் இது.

ஜார்ஜின் சொந்த ஊரான கேரல்டனில் 1886 மார்ச் 17 அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசவே அந்தப் பக்கத்து ஆட்கள் பல காலம் தயங்கினார்கள். வெள்ளைக்கார வக்கீல் ஒருவர் மேல் இரண்டு கறுப்பினச் சகோதரர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். விசாரணை நாளன்று ஆயுதங்களோடு குதிரைகளில் வந்த ஒரு கும்பல் நீதிமன்றத்துக்குள் புகுந்து, அங்கே இருந்த கறுப்பின மக்களைச் சுட்டது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். ஒருவர் மேலும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே இருந்தன. அந்தச் சுட்ட கும்பலை ஜார்ஜ் அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. அந்த ஊர் வக்கீல், முன்னாள் தலைமை நீதிபதி, அப்போது பதவியில் இருந்த செனட்டர் அவர். நியாயம் கேட்டு நீதிமன்றம் போனவர்களுக்கு அவர் ஊரில் கிடைத்தது இதுதான்.

இப்போது 1890. ஜாக்சனில் இருக்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடம், இன்று அருங்காட்சியகம். நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான், 1890 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்பை எழுத 134 பேர் கூடியதும் அங்கேதான். இரண்டிலும் ஜார்ஜ் இருந்தார். 134 பேரில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். எதற்காகக் கூடினோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மாநாட்டுத் தலைவர் சாலமன் கல்ஹூன், நீக்ரோவை விலக்கி வைக்கத்தான் வந்திருக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆனால் நாட்டின் அரசியலமைப்புக்கு வந்த 15-ஆவது திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. 1870-இல் மிசிசிப்பியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது நாடாளுமன்றம் போட்ட நிபந்தனையும் அதையே சொல்கிறது. இங்கேதான் நல்ல வக்கீல் தேவைப்பட்டார். நிறம் என்ற சொல்லே வராமல் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 2 டாலர் தலைவரி, அதுவும் இரண்டு வருட ரசீதைக் காட்ட வேண்டும். மாநிலத்தில் 2 வருடம், அதே வட்டாரத்தில் 1 வருடம் குடியிருந்திருக்க வேண்டும், வேலை தேடி இடம் மாறும் குத்தகை விவசாயிகளை இது ஒரே அடியில் கழித்துவிடும். அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் படித்துக் காட்டும்போது புரிந்துகொள்ளவோ 'நியாயமான' விளக்கம் தரவோ வேண்டும். எது நியாயமான விளக்கம் என்று முடிவு செய்வது யார்? கவுண்டிப் பதிவாளர். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரர் உள்ளே போக ஒரு கதவு, பட்டம் வாங்கிய கறுப்பினத்தவரை வெளியே நிறுத்த அதே கதவு. இந்த அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கும் விடவில்லை. எழுதியவர்களே நிறைவேற்றி, எழுதியவர்களே அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் போய், செனட்டில் நின்று இதை மணிக்கணக்கில் சட்ட நுணுக்கத்தோடு வாதாடிக் காப்பாற்றினார். அவர் 1897-இல் இறந்தார். அடுத்த வருடமே, இந்த விதிகளை எதிர்த்து வந்த வில்லியம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் தவறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. தென் கரோலினா, லூசியானா, வட கரோலினா, அலபாமா, வர்ஜீனியா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இதே வழியில் தங்கள் சட்டங்களை மாற்றிக்கொண்டன.

பழைய கதை என்று நினைத்தால், உங்கள் மாநில வாக்காளர் பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். குடியுரிமை கிடைத்த அடுத்த வாரமே நான் அதை நிரப்பினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி. கீழே சின்ன எழுத்தில், இன்னின்ன குற்றங்களுக்காக நான் தண்டிக்கப்பட்டதில்லை என்று ஒரு உறுதிமொழி. லஞ்சம், திருட்டு, தீவைத்தல், ஏமாற்றிப் பணமோ பொருளோ பெறுதல், பொய்ச் சாட்சி, கள்ளக் கையெழுத்து, கையாடல், இருதார மணம். பட்டியல் விசித்திரமாக இருக்கிறதே என்று தோன்றியது, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அது அரசியலமைப்பின் 241-ஆவது பிரிவு, 1890-இல் எழுதியது. எழுதியபோது அதில் கொலை இல்லை, கற்பழிப்பும் இல்லை. கொலைகாரன் ஓட்டுப் போடலாம், மாட்டைத் திருடியவன் கூடாது. எதனால் என்பதை 1896-இல் மாநில உச்ச நீதிமன்றமே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது: இனத்தைச் சொல்லிப் பாகுபடுத்த மத்திய அரசியலமைப்பு தடுத்ததால், அந்த இனத்தார் அதிகம் செய்வதாக இவர்கள் நினைத்த சில்லறைக் குற்றங்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டார்களாம். நீதிபதிகள் இதைக் கண்டித்து எழுதவில்லை, கெட்டிக்காரத்தனம் என்ற தொனியில் எழுதினார்கள்.

1950-இல் கன்னக்கோல் திருட்டை நீக்கினீர்கள், 1968-இல் கொலையையும் கற்பழிப்பையும் சேர்த்தீர்கள். மிச்சம் அப்படியே இருக்கிறது. காசோலை மோசடி, மரத் திருட்டு என்று மாநில அரசின் சட்ட விளக்கங்களில் பட்டியல் 20-ஐத் தாண்டி நீண்டிருக்கிறது. ஆம், காட்டில் மரம் வெட்டித் திருடினால் ஆயுள் முழுக்க ஓட்டு கிடையாது.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர், வண்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். இருபதுகளில் ஒரு திருட்டு வழக்கு, தண்டனை முடிந்து வந்து, அதற்கப்புறம் ஒரு போக்குவரத்து அபராதம்கூட இல்லாமல் வாழ்ந்தவர். தேர்தல் நாளன்று மனைவியை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போவார். மனைவி உள்ளே போய் வரும் வரை இவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் இறங்குவதில்லை என்று விவரம் தெரியாமல் கேட்டேன். கோபமே இல்லாமல் விளக்கினார். ஓட்டுரிமை திரும்ப வேண்டுமென்றால் அவர் ஒருவருக்காகத் தனி மசோதா ஒன்று இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற வேண்டும், இல்லையென்றால் ஆளுநரின் மன்னிப்பு. மூன்றில் இரண்டு பங்கு! ஒரு மெக்கானிக் ஓட்டுப் போட! தன் தொகுதி உறுப்பினருக்கு அவர் எழுதிப் பார்த்திருக்கிறார். பதில் வரவில்லை என்றார். வந்து பத்து வருடம்கூட ஆகாத நான், பல தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்த குடும்பத்தைச் சேர்ந்த அவர் முன்னால், நான் ஓட்டுப் போட்டதற்குக் கொடுத்த ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

நீதிமன்றங்கள் இதைச் சரி என்று விட்டுவிட்டன என்பீர்கள். விட்டுவிட்டன, உண்மைதான். மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ஒரு தடவை, 2024-இல் இன்னொரு தடவை. 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது, இரண்டு நீதிபதிகள் மட்டும் அந்த முடிவை எதிர்த்தார்கள். 2024-இல் திரும்ப உங்களிடமே வந்தது. வன்முறை இல்லாத குற்றங்களுக்குத் தண்டனை முடித்தவர்களின் ஓட்டைத் திருப்பித் தரும் மசோதாவைக் கீழவை பெரிய பெரும்பான்மையோடு நிறைவேற்றி அனுப்பியது. மேலவையில் அதே கதை, குழுவில் மடிந்தது.

இதே 1890 சட்டத்தின் அடியை வாங்கியவர், வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர். ஜார்ஜின் கேரல் கவுண்டிக்குப் பக்கத்திலிருக்கும் மான்ட்கோமரி கவுண்டியில் 1917-இல் பிறந்தவர், பருத்தி பொறுக்கிய குடும்பம். 1962 ஆகஸ்ட் 31 அன்று ஒரு பழைய பஸ்ஸில் ஏறி இண்டியனோலாவுக்குப் போய் வாக்காளராகப் பதிய முயன்றார். பதிவாளர் அரசியலமைப்பில் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார். நடைமுறையில் உள்ள சட்டங்கள் பற்றிய ஏதோ ஒரு சிக்கலான பிரிவு. 6-ஆம் வகுப்பைத் தாண்டாத அவருக்கு அது விளங்கவில்லை, தேர்ச்சி இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதாம், ஓட்டுநரைப் பிடித்து அபராதம் போட்டார்கள். அன்று இரவே, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து ஹேமரை வெளியேற்றினார்கள். விடவில்லை, 1963 ஜனவரியில் தேறிவிட்டார். சரி, ஓட்டுப் போடலாம் என்று போனால், இரண்டு வருடத் தலைவரி ரசீது எங்கே என்றார்கள். முதலில் விளக்கம், அது தாண்டினால் ரசீது. 1890-இல் ஜார்ஜும் கூட்டாளிகளும் உட்கார்ந்து யோசித்த வேலிகள் எழுபது வருடம் கழித்தும் வரிசை மாறாமல் நின்றன. 1963 ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் ஹேமரை அடித்த அடியில் உடம்பு கடைசி வரை தேறவில்லை. 1964-இல் மிசிசிப்பியின் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவானவர்கள் 6.7 சதவீதம். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே வருடத்தில் அது 60 சதவீதத்தை நெருங்கியது.

ஜார்ஜ் நல்லதும் செய்தார் என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்தார். வேளாண் ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டுவந்த 1887 சட்டத்தில் அவர் பங்கு இருக்கிறது, ஏகபோக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஷெர்மன் சட்டத்தின் விவாதத்திலும் முக்கியமாகப் பேசியவர். சிறு விவசாயிக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். அதைப் புத்தகத்தில் எழுதுங்கள், ஆராய்ச்சி நிலையத்தில் பலகை வையுங்கள். அவர் பெயரில் ஒரு கவுண்டியே இருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. மாநிலத்துக்கு இரண்டே இடம்தான், அதில் ஒன்றில் யாரை நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. அவருடைய தலைவரியால் ஏழை வெள்ளைக்காரர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டிழந்தார்கள் என்பதையும் அந்த விவசாயிப் பாசத்தோடு சேர்த்தே எண்ணுங்கள்.

வரலாற்றை அழிக்கிறோம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்கள் மாநிலத்துக்கு இவர் வேண்டாம் என்று முடிவு செய்ய 2000-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் வழி விட்டிருக்கிறது. சட்டமன்றத் தீர்மானம், ஆளுநர் ஒப்புதல், புதுச் சிலைக்கான செலவு, அவ்வளவே. அலபாமா 2009-இல் ஒரு கூட்டமைப்புக்கால வக்கீலை எடுத்துவிட்டு ஹெலன் கெல்லரை வைத்தது. ஃப்ளோரிடா ஒரு கூட்டமைப்புத் தளபதிக்குப் பதிலாக கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெதூனை 2022-இல் நிறுத்தியது. வர்ஜீனியா கூட்டமைப்பின் பெருந்தளபதி ராபர்ட் லீயையே 2020-இல் இறக்கியது. 2024-இல் பக்கத்து ஆர்கன்சா இரண்டு பேரையும் மாற்றி குடியுரிமைப் போராளி டெய்சி பேட்ஸையும் பாடகர் ஜானி கேஷையும் கொண்டுவந்தது. எல்விஸ் பிரெஸ்லியை வைத்தால்கூட நான் ஆட்சேபிக்க மாட்டேன், அவர் பிறந்த டூபலோ ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

உங்களால் முடியாது என்பதும் இல்லை. 2020 ஜூன் 28 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமைப்புச் சின்னம் பொறித்த மாநிலக் கொடியை இறக்க இதே இரு அவைகளும் வாக்களித்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டு வாக்கெடுத்தீர்கள், கட்சி தாண்டி ஆதரித்தீர்கள். நவம்பரில் மக்கள் மக்னோலியாப் பூ பொறித்த புதுக் கொடியைப் பெருவாரியாக ஏற்றுக்கொண்டார்கள். பழைய கொடி அருங்காட்சியகத்துக்குப் போனது, வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. வரும் ஜனவரியில் கூடும்போது, இரண்டு சிலைகளையும் மாற்றும் தீர்மானத்தைக் குழுவிலிருந்து வெளியே எடுத்து இரு அவைகளிலும் விவாதத்துக்கு வையுங்கள். டேவிஸ் விஷயத்தில் ஒத்துப்போக முடியாவிட்டால் ஜார்ஜை மட்டுமாவது தனித் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரை அனுப்புவது என்று மக்கள் கருத்தைக் கேளுங்கள், ஜாக்சனில் மட்டும் கேட்காமல் ஹேமர் வாழ்ந்த ரூல்வில்லிலும் கேரல்டனிலும் கூட்டம் போட்டுக் கேளுங்கள். என் ஓட்டு ஹேமருக்கு, இரண்டாவது இடம் புரூஸுக்கு. சட்டப்படி நமக்கே திரும்பி வரும் ஜார்ஜின் சிலையைக் கிடங்கில் போட்டுவிடாமல், 1890 அரசியலமைப்பு பிறந்த பழைய தலைமைச் செயலகத்தில், படிக்கவும் விளக்கவும் சொன்ன அந்த 244-ஆவது பிரிவின் வாசகத்தைப் பக்கத்தில் எழுதி நிறுத்துங்கள்.

சிலையை மட்டும் மாற்றிவிட்டு அவர் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டால் நான் இதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும். 241-ஆவது பிரிவைத் திருத்தும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்புங்கள். அது வரும் வரை, 2024-இல் மேலவையில் மடிந்த மசோதாவை மறுபடி கொண்டுவந்து, தண்டனை முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு தனி மசோதா இல்லாமல் ஓட்டுரிமை திரும்பக் கிடைக்க வழி செய்யுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வேண்டும். வேண்டாம் என்பவர்களும் தங்கள் பெயரோடு வேண்டாம் என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஹிண்ட்ஸ் கவுண்டி வாக்காளர் ஒருவர்